இரண்டு இஞ்சு உயர்ந்த வண்டி

எங்கள் வீட்டுக்காரரின் முதுகைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. "எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்பவர்கள் அவரைக் கேட்பதில்லை, அவருடைய முதுகைத்தான் கேட்கிறார்கள். மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அந்த முதுகு எங்கள் வீட்டில் தனி ஆளாகவே குடியிருந்தது. அதற்கென்று ஒரு நாற்காலி, அதற்கென்று ஒரு மெத்தை, அதற்கென்று ஒரு வெந்நீர்ப் பை. காலையில் அது என்ன மனநிலையில் எழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

டாக்டர் சொன்னதில் ஒன்றுதான் அவரை உடைத்தது. இனிமேல் ஜீப்பில் ஏறக் கூடாது. மதுரைக்காரருக்கு அது சின்ன விஷயம். போடியில், அதுவும் மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவனிடம் ஜீப்பில் ஏறாதே என்றால், உன் தோட்டத்துக்கே போகாதே என்று அர்த்தம். எங்கள் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, தார்ரோட்டை விட்டு இறங்கி, கல்லும் சகதியுமாகப் போகிற ஒரு பாதையின் கடைசியில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் போனதில்லை. உண்மையைச் சொன்னால், இவருடைய முதுகைத் தின்றதும் அந்தப் பாதைதான்.

அதற்குப் பிறகு நான் போனேன். காலையில் வேலையாட்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, சாயங்காலம் இறங்கி வருவேன். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இந்தச் செடி ஏன் மஞ்சளா இருக்கு? தண்ணி தேங்குதா? நீ கவனிக்கவே இல்லையா?" என்று ஆரம்பிப்பார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "மஞ்சளாத் தெரியிறது உங்க போனு, செடி இல்ல" என்பேன். அப்படி ஒரு காய் எடுப்புப் பருவம் சண்டையிலேயே போனது. எனக்கு அந்தச் சண்டையில் ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த பருவத்தில் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். படத்தைக் காட்டினால் பார்ப்பார், "ம்" என்பார், போனைத் திருப்பிக் கொடுப்பார். கோபப்படுகிற மனுசனைச் சமாளித்துவிடலாம். தன் தோட்டத்தைப் பற்றி ஒன்றுமே கேட்காத மனுசனை என்ன செய்வது? எனக்குப் பயம் வந்துவிட்டது. என்ன ஆனாலும் சரி, இவரை ஒரு முறையாவது தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

வண்டி விஷயம் அப்படித்தான் தொடங்கியது. புதிதாக வந்திருந்த ஒரு பிக்கப்பு வண்டி. முன்னால் காரைப் போல இரண்டு வரிசை சீட்டு, பின்னால் லோடு ஏற்றும் தொட்டி. அதில் மின்னணு சஸ்பென்ஷன் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி இருக்கிறது. சக்கரம் மேடேறினால் கம்பியும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் இறங்கும். கம்பி சொல்வதைக் கேட்டு உள்ளே இருக்கிற பெட்டி, ஷாக் அப்சார்பரை அந்த நொடியிலேயே இளக்கும், தேவைப்பட்டால் இறுக்கும். கம்பெனிக்காரர்கள் அதை என்னென்னமோ இங்கிலீசில் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: குலுக்கல் சீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பெட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது.

இவரை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தோம். தேவாரம் ரோட்டில் இருக்கிற வேகத்தடைகளை எல்லாம் வேண்டுமென்றே தேடித் தேடி ஏறினோம். ஒவ்வொன்றிலும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடிக்கவில்லை, கைப்பிடியைப் பிடிக்கவில்லை. "பரவாயில்லையே" என்றார். வீட்டிலிருந்த ஜீப்பை விற்றுவிட்டு அந்த வண்டியை வாங்கினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. முந்தல் தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறும்போது அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்தார். மெட்டில் டீ குடித்தோம். தார்ரோட்டை விட்டு இறங்கி, கல்பாதையில் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், ஓடை குறுக்கிடுகிற இடத்தில் வண்டியின் வயிறு பாறையில் மோதியது. கீழே இரும்பு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பாறைக்கு எங்கள் பக்கத்தில் எருமைப்பாறை என்று பெயர். எத்தனையோ ஜீப்புகள் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. எங்கள் வண்டி அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. பின்னால் வந்த ஜீப்புக்காரர்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

"திருப்பு" என்றார் அவர். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தோட்டத்து நிழல் மரங்கள் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே போடி வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் நான் ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். போடியில் மலைக்கு ஓடுகிற ஜீப்புகளில் பாதியை உயர்த்திக் கொடுத்தவர் அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன்தான். ஜீப்பை உயர்த்துவது எங்கள் ஊரில் புது விஷயம் இல்லை. பின்னால் ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னொரு பட்டையைக் கூடுதலாகச் செருகுவார்கள், முன்னால் கனத்த வளையம் வைப்பார்கள், சக்கரத்தைப் பெரிதாக்குவார்கள். காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "ரெண்டு இஞ்சு ஏத்துனாப் போதும் ஆத்தா. எருமைப்பாறை என்ன, எருமையே படுத்திருந்தாலும் தாண்டிரும்."

"ஏத்துங்க அண்ணே. ஆனா இப்ப இருக்கிற மெத்துமெத்து போயிரக் கூடாது. அது போச்சுன்னா எனக்கு இந்த வண்டியே வேண்டாம்."

"அது எங்க போகும்?" என்றார்.

வண்டியை விற்ற ஷோரூமுக்கும் போன் போட்டுக் கேட்டேன். உயரத்தில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் மேடம் என்றான் ஒருத்தன். விற்கும்போது மலை ஏறும், காடு ஏறும் என்று சொன்ன அதே குரல். எனக்கு வந்த கோபத்தில், "அப்ப நீங்க வந்து அந்தப் பாறையை ரெண்டு இஞ்சு இறக்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது அவன் தப்பும் இல்லை. எருமைப்பாறையை அவன் எங்கே கண்டான்?

முன்பக்கம் வளையம் வைத்து, பின்பக்கம் நீளமான ஸ்பிரிங் மாற்றி, அண்ணன் சொன்னபடி சாயங்காலமே வேலையை முடித்துவிட்டார். வண்டி கம்பீரமாக நின்றது, பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சாவியைத் திருப்பினால் முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓட்டிப் பார்த்தால் மாட்டுவண்டி தோற்றது. விற்றுவிட்ட பழைய ஜீப்பே தேவலை என்று இருந்தது.

காரணம் புரிய அண்ணனுக்கு ஒரு ராத்திரி ஆனது. வண்டியின் உடம்பு மேலே போய்விட்டது, சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கம்பிகள் இழுத்துக்கொண்டு நின்றன. உள்ளே இருக்கிற பெட்டிக்கு என்ன தெரியும்? நாலு சக்கரமும் பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தொங்குகின்றன என்று நினைத்துக்கொண்டு, விழப்போகிற வண்டியைக் காப்பாற்றுவதற்காக எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தப்பான செய்தியைக் கேட்டு நல்ல வேலை செய்தது, பாவம்.

பட்டறைக்கு வந்திருந்த ஒரு ஜீப்புக்காரர் சுலபமான வழி சொன்னார். "அந்த லைட்டு மேல கறுப்பு டேப்பு ஒட்டிருங்கக்கா. என் வண்டியில நாலு லைட்டு எரியிது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவரை நான் பார்த்த பார்வையில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் லேத்துப் பட்டறையில் கொடுத்து, அந்தக் கம்பிகளுக்கு இரண்டு இஞ்சு நீளம் கூட்டினார். பிறகு தேனியிலிருந்து லேப்டாப்போடு ஒரு தம்பி வந்தார். வண்டிக்குள் ஒயரை மாட்டி, இனிமேல் இதுதான் உன் உயரம் என்று அந்தப் பெட்டிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். நாலு சக்கரத்தையும் சமதரையில் நிறுத்தி, லேப்டாப்பில் எதையோ தட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. அண்ணன் கைதட்டிவிட்டார். நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன், ராசிங்காபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். பழைய மெத்துமெத்து அப்படியே இருந்தது, உயரமும் இருந்தது. எனக்கு இருந்த சந்தோசத்தில் மூன்று பேருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் இறங்கி, கணக்கை முடித்து, வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வரும்போதே பின்பக்கம் லேசாகத் தட்டுகிற மாதிரி இருந்தது, மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவரை உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரை போனேன். முதல் வேகத்தடையிலேயே "அம்மா" என்று கத்திவிட்டார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன்.

சீட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "விடு. எனக்கு இம்புட்டுத்தான். நீ பாத்துக்கிற, தோட்டம் நல்லாத்தான் இருக்கும். இதுக்கு மேல இந்த வண்டியைப் பத்தி என்கிட்டப் பேசாத."

குரலில் கோபமே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் போய் நான் போட்ட சத்தம் சுப்ரமணிய சாமி கோயில் வரை கேட்டிருக்கும். அண்ணன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தார். லேப்டாப் தம்பி மறுபடி வந்தார், பார்த்தார், "எல்லா நம்பரும் சரியா இருக்கு மேடம்" என்றார். அப்படியானால் என் வீட்டுக்காரர் நடிக்கிறாரா என்று கேட்டேன். "வாங்க, ஓட்டியே பாப்போம்" என்று அண்ணன் கூப்பிட்டார். போனோம். வண்டி வெண்ணெயாகப் போனது! அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் மறுபடி அதே தட்டல்.

ஒர்க்‌ஷாப்பில் நல்லபிள்ளை, வீட்டுக்கு வந்தால் முரடு. இப்படிக் குணம் மாறுகிற பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், வண்டியில் பார்த்ததில்லை. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது முறை போனேன். இந்தத் தடவை ஒரு ஸ்டூலைப் போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் என்ன செய்தாலும் பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தார். பட்டறை ஆள் ஒருவர் சுவரோரம் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டியில் போட்டார். அதற்குப் பிறகுதான் லேப்டாப் தம்பி ஒயரை மாட்ட வந்தார்.

"அண்ணே, அது எதுக்கு?" என்றேன்.

"எது?"

"மணல் மூட்டை."

நீ ஏன் செருப்புப் போட்டிருக்கிறாய் என்று கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "வண்டி வெறுசா இருக்குல்ல ஆத்தா. வெறுசா ஓட்டுனாக் குதிக்காதா?"

மலை ஜீப்பை யாரும் வெறுமனே ஓட்ட மாட்டார்கள். ஆளோ உரமோ காயோ இல்லாவிட்டால் பின்னால் மணல் மூட்டை போட்டுத்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் துள்ளும். இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். போடியில் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் சுவரோரம் நாலு மூட்டை கிடக்கும், சோதனை ஓட்டத்துக்கு ஏற்றுவார்கள், வந்ததும் அடுத்த வண்டிக்கு இறக்கிக்கொள்வார்கள். நான் முதல் நாளிலிருந்து அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள் அதன்மேல் என் கைப்பையைக்கூட வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. அண்ணனுக்கும் அப்படித்தான். தேனித் தம்பியோ, அது ஏதோ இவர்களுடைய முறை போலிருக்கிறது என்று மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆக, மணல் மூட்டையின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும்போது, இதுதான் உன் உயரம் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மூட்டையை இறக்கியதும் பின்பக்கம் எழும்பிவிடுகிறது. ஐயோ, சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறதே என்று பெட்டி மறுபடி இறுக்கிப் பிடிக்கிறது. நான் இதைச் சொன்னதும் லேப்டாப் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். அண்ணன் மூட்டையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டு வருசத்துல எந்த ஜீப்பும் என்கிட்டக் கேட்டதில்ல ஆத்தா, எவ்வளவு பாரத்தோட நிக்கிறேன்னு" என்றார்.

மூட்டைகளை இறக்கி, வெறும் வண்டியாக நிறுத்தி, தம்பி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அண்ணனால் வெறும் வண்டியைச் சோதனைக்கு எடுக்கவே முடியவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துவிட்டு இரண்டு முறை பின்னால் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். "வெறுசா எடுக்கிறதுக்கு மனசே வரல, நீங்களே ஓட்டுங்க" என்று இறங்கிவிட்டார். நான் ஓட்டினேன். பெருமாள் கோயில் பக்கம் இருக்கிற பள்ளங்களில் எல்லாம் இறக்கி ஏற்றினேன், சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனின் கையிலிருந்த டீ சிந்தவில்லை.

வண்டி சரியாகிவிட்டது, ஆளைச் சரிசெய்வதுதான் பாக்கி. வண்டியைப் பற்றிப் பேசாதே என்றவரிடம் நான் பேசவில்லை. வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். "எங்க?" என்றார். "மருந்து வாங்க" என்றேன். பொய்தான். ஏறிக்கொண்டார். உயர்ந்துவிட்ட வண்டியில் அவர் ஏறுவதற்கு அண்ணன் ஒரு படியை வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தார். மருந்துக்கடை வந்தது, நான் நிறுத்தவில்லை. அடுத்து வந்த வேகத்தடையில் அவர் கைப்பிடியை இறுக்கப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். வண்டி ஏறி இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து, "தாண்டிட்டமா?" என்று கேட்டார்.

"தாண்டிட்டோம்."

இன்னும் இரண்டு வேகத்தடை தாண்டினோம். பிறகு, "மருந்துக்கடை பின்னாடி போயிருச்சு" என்றார். "தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

மெட்டில் மேகம் இறங்கி ரோடு நனைந்து கிடந்தது. கல்பாதையில் இறங்கியதும் நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இடது பக்கம் பிடி, இன்னுங் கொஞ்சம், போதும், மெதுவா விடு" என்று வழி சொன்னார். எருமைப்பாறையில் முன்சக்கரம் ஏறியது. நடுவண்டி வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பின்சக்கரமும் இறங்கிவிட்டது, ஓடைத் தண்ணீர் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. "முதுகு?" என்று கேட்டேன். "அத விடு, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். இதைவிட நல்ல பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. இவர் படியில் கால்வைத்து இறங்குவதைப் பார்த்ததும் கங்காணி அக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "அய்யா வந்துட்டாக, அய்யா வந்துட்டாக" என்று அவர் போட்ட சத்தத்தில் சரிவின் அந்தப்பக்கம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். எல்லோரும் முதுகை விசாரித்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிழல் மரங்களை நிமிர்ந்து பார்த்தபடி செடிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார்.

அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் காய்க்கிறது. எடுக்கிறவர்கள் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும், பார்க்கிறவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். இவரால் குனியவும் முடியாது, குத்தவைக்கவும் முடியாது. இத்தனை நாளும் வண்டியின் உயரத்தை அளந்துகொண்டிருந்த நான் இதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. ஆளுயரச் செடிகளுக்கு நடுவில் அவர் நிமிர்ந்து நின்று இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டப் போனேன். "தூக்காத, ஒடிஞ்சிரும்" என்று அதட்டினார். பிறகு கங்காணி அக்கா பக்கம் திரும்பி, "ஒரு சாக்கு இருந்தாக் கொண்டா ஆத்தா" என்றார்.

சாக்கு வந்தது. செடிக்குப் பக்கத்தில் அதை விரிக்கச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் மெல்லச் சரிந்து, தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருடைய முகத்துக்கு நேரே சரம், சரம் நிறையப் பச்சைக் காய், நுனியில் ரெண்டு பூ. அவர் ஒவ்வொரு காயாக விரலால் தொட்டார், எதையும் பறிக்கவில்லை.

"அட்டை ஏறும்ங்க" என்றேன்.

"ஏறட்டும். ரெண்டு வருசமாச் சும்மா கெடந்த ரத்தந்தான்."

இலைச் சருகை ஒதுக்கி, செடியின் அடியை உற்றுப் பார்த்தார். பட்டுப்போன பழைய தட்டைகளை வெட்டி எடுத்திருந்த இடங்களைத் தடவிப் பார்த்தார். "இந்தக் கவாத்து யாரு பண்ணது?" என்றார்.

மேலே வெட்டிவிட்டாய், கீழே வெட்டிவிட்டாய் என்று ஏதோ குறை வரப்போகிறது என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கங்காணி அக்காதான் என்னைக் கைகாட்டி, "அக்காதான். எங்களைத் தொடவே விடல, ஒத்தையா நின்னு அம்புட்டுச் செடிக்கும் பண்ணுச்சு" என்றார்.

அவர் படுத்தபடியே அடுத்த செடியின் அடியையும் பார்த்தார், அதற்கடுத்ததையும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்கூட இம்புட்டுச் சுத்தமாப் பண்ணதில்ல" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலை, என் பேச்சை, என் தோட்ட வேலையை அவர் ஒரு வார்த்தை புகழ்ந்து நான் கேட்டதில்லை. அதற்காக ஏங்கினேன் என்றும் சொல்ல மாட்டேன், வராது என்று எப்போதோ விட்டுவிட்டேன். இத்தனை பேர் நடுவில், சாக்கின்மேல் படுத்துக்கொண்டு, கழுத்தில் ஓர் அட்டையோடு அவர் அதைச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். மறைக்கவும் இல்லை.

"என்ன நின்னுக்கிட்டே இருக்க?" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "கை குடு. சாக்கை அடுத்த செடிக்கு இழுத்துப் போடு. வெரசா."

இழுத்துப் போட்டேன். அதற்கடுத்த செடிக்கும் போட்டேன். அன்றைக்கு மழை வரும் வரை எனக்கு அந்தச் சாக்கை இழுத்துப் போடுவதுதான் சோலி.